கிரைண்டருக்கு முன்னால் பிறந்த ரிப்பேர் கடை

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊறிய அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் கிரைண்டர் சுற்றவில்லை. "ம்ம்ம்ம்..." என்று ஒரு முனகல் மட்டும் வருகிறது. கோயமுத்தூர்க்காரர்கள் இதற்கெல்லாம் பதறுவதில்லை. "கண்டன்சர் போயிருக்குமுங்க" என்று பக்கத்து வீட்டுப் பெரியவரே சொல்லிவிடுவார். தெருமுனைக் கடையில் அதை மாற்றினால் மதியத்துக்குள் மாவு தயார்!

கிரைண்டரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கண்டுபிடிப்பில் ஆரம்பித்து விற்பனையில் முடிப்பார்கள். நடுவில் அந்தத் தெருமுனைக் கடையை விட்டுவிடுவார்கள். ஆனால் கோவையில் நடந்தது தலைகீழ். ரிப்பேர் தெரிந்தவர்கள் முதலில் வந்தார்கள், கிரைண்டர் பிறகுதான் வந்தது.

கிணற்றில் ஆரம்பித்த கதை

கொங்கு நாட்டில் நொய்யல், பவானி, அமராவதி என்று ஆறுகள் ஓடினாலும், மழை குறைவான பூமி. பெரும்பாலான தோட்டங்களுக்குக் கிணறுதான் கதி. பாறையை உடைத்து ஆழமாகத் தோண்டிய கிணறுகள். அதில் மாடு பூட்டி, கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். தண்ணீர் கீழே போகப் போக மாட்டுக்கும் ஆளுக்கும் பாடு கூடியது.

நகரத்திலோ 1888-லேயே முதல் நூற்பாலை வந்துவிட்டது. 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடம் தொடங்கியது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததும் கோவைக்கு மின்சாரம் தாராளமாகக் கிடைத்தது. மில்கள் வரிசையாக எழுந்தன. கிணற்று மேட்டில் மாடு நின்ற இடத்தில் மோட்டார் உட்கார ஆரம்பித்தது. 1937-ல் டி. பாலசுந்தரமும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து உள்ளூரிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள்.

மோட்டார் வந்தால் கூடவே பழுதும் வரும் இல்லையா? வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் சூடாகும். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மற்ற இரண்டும் சுமையைத் தாங்காமல் காயில் எரியும். பயிர் வாடும்போது புது மோட்டாருக்காக யாரும் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. அதனால்தான் காயில் கட்டும் கடைகள் பெருகின. எரிந்த கம்பியை உருவி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனத்தில் புதுத் தாமிரக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்கும் வேலை அது. பல பேர் இதைப் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. மாமன் கடையிலோ சித்தப்பா பட்டறையிலோ உட்கார்ந்து பழகினார்கள். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கமெல்லாம் லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் முளைத்தன.

1955

இந்தச் சூழலில்தான் 1955-ல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். அவருக்கு வேண்டிய எல்லாமே பக்கத்திலேயே இருந்தன. மோட்டார் செய்ய ஆள் உண்டு, புல்லி கடைய லேத் உண்டு, அரைக்கும் கல்லுக்கு ஊத்துக்குளி உண்டு.

யோசனை எளிமையானது. ஆட்டாங்கல்லில் உரல் நிற்கும், கை குழவியைச் சுற்றும். கிரைண்டரில் அது அப்படியே மாறியது. குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டு உரலைச் சுற்ற விட்டார்கள். நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று ஓடும் மோட்டாரின் வேகத்தை, சின்ன புல்லி, பெரிய புல்லி, ஒரு பெல்ட் வைத்து நூற்றுச்சொச்சமாகக் குறைத்தார்கள். மெதுவாகச் சுற்றினால்தான் மாவு சூடேறாது. சூடேறாத மாவுதான் நன்றாகப் புளித்துப் பொங்கும். அதிவேக மிக்ஸியில் அரைத்த மாவு இட்லிக்கு அவ்வளவாகச் சரிப்படாததற்கும் இதுதான் காரணம்.

முதலில் ஓட்டல்களில் ஓடிய இந்த இயந்திரம், பிறகு வீட்டுக்கு வந்தது. பெரிய உரலைச் சாய்த்து மாவை எடுக்கும் கிரைண்டர், அதன் பிறகு மேடை மேல் வைக்கும் சின்ன கிரைண்டர் என்று உருவம் மாறியது. பல தலைமுறைப் பெண்கள் ஆட்டாங்கல் முன்னால் குந்தி உட்கார்ந்து மணிக்கணக்கில் கை வலிக்க ஆட்டிய வேலை அது. கொங்கு நாட்டுச் சமையலறையில் மின்சாரம் செய்த பெரிய உதவி எது என்று கேட்டால், பாட்டிமார்கள் விளக்கைச் சொல்வதற்கு முன் கிரைண்டரைச் சொல்லக்கூடும்!

ஆனால் ஒன்று. உதவி செய்யும் இயந்திரம் நின்றுவிட்டால் அந்த வேலை மறுபடியும் யார் கைக்குப் போகும்? அதே பெண்ணின் கைக்குத்தான். அதனால் ரிப்பேர் என்பது சின்ன விஷயமே இல்லை.

வீட்டு வைத்தியம்

கோவை வீடுகளில் வாய்வழியாகப் பரவிய கிரைண்டர் பாடங்கள் இவை:

முனகுகிறது, சுற்றவில்லை: பெரும்பாலும் கண்டன்சர். மோட்டாருக்கு முதல் தள்ளு கொடுப்பது அதுதான். அப்படியே விட்டால் காயில் எரியும், உடனே அணைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், அதில் கை வைப்பது தெரிந்தவர் வேலை.

மோட்டார் ஓடுகிறது, உரல் தயங்குகிறது: பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். பெல்ட்டை இழுத்துக் கட்டினாலோ மாற்றினாலோ போதும்.

கடகட சத்தம்: தண்டு சுற்றும் இடத்தில் புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். மாவுத் தண்ணீர் உள்ளே இறங்கியதுதான் பல நேரம் காரணம். கழுவும்போது அடிப்பாகத்தில் தண்ணீர் ஊற்றாமல் இருந்தாலே பாதிப் பழுது வராது.

மாவு நைஸாக வரவில்லை: கல் தேய்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். அம்மி கொத்துவது போலவே இந்தக் கல்லையும் கொத்தினால் பிடிப்பு திரும்ப வரும்.

தொட்டால் ஷாக் அடிக்கிறது: இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் இயந்திரத்தைத் தொடவே கூடாது.

இந்தப் பட்டியலில் தனியாகக் கழற்றி மாற்ற முடியாத பாகம் எது? ஒன்றுமே இல்லை. இந்த இயந்திரம் பல வருஷம் உழைத்த ரகசியமும் அதுதான்.

பெருமையும் கேள்வியும்

2005-06-ல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை ஆட்டாங்கல்லை விடாத குடிசைக்குள்ளும் கிரைண்டர் நுழைந்தது. கிரைண்டர் போன ஊருக்கெல்லாம் அதைத் திறக்கத் தெரிந்த ஒருவரும் தேவைப்பட்டார்.

இப்போதுதான் கேள்வி வருகிறது. சின்ன மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலி புது மோட்டார் விலையை நெருங்கினால், யார் காயில் கட்டுவார்கள்? முழு மோட்டாரையும் மாற்றுவார்கள். அடுத்து, முழு இயந்திரத்தையே மாற்றுவார்கள். அப்புறம் அந்தக் கைவேலையை எந்தப் பையனும் பழக வரமாட்டான்.

இது உலகம் முழுக்க இருக்கும் கவலை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு சட்டமே கொண்டுவந்தது. சலவை இயந்திரமும் துணி உலர்த்தும் இயந்திரமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உலர்த்தும் இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? ஒரு மோட்டார், பல மாடல்களில் ஒரு பெல்ட், சுற்றும் ஓர் உருளை. கிரைண்டரின் தூரத்துச் சொந்தம்தான்! இந்திய அரசும் 2022-ல் இதே உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த வருஷ டிசம்பரில் இணையதளம் ஒன்றைத் தொடங்கியது.

சட்டம் உதிரிபாகத்தைக் கொடுக்கச் சொல்லலாம். ஆனால் அதை மாட்டத் தெரிந்த கையைச் சட்டத்தால் உருவாக்க முடியாது. கொங்கு நாட்டில் அந்தக் கையை உருவாக்கியது வற்றிய கிணறும் எரிந்த மோட்டாரும். அந்தக் கைகள் இருந்ததால்தான் கோவையில் கிரைண்டர் பிறந்தது. அடுத்த முறை கிரைண்டர் முனகினால், புதுசு வாங்கும் முன் தெருமுனைக் கடையில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. மிச்சமாவது காசு மட்டுமல்ல!