அக்கரை மரநிழல்

சென்ற வாரம் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கதையைச் சான்சலர்ஸ்வில் காட்டு இருட்டில் நிறுத்தியிருந்தேன். 1863 மே 2. முன்வரிசைக்கு அப்பால் போய்ப் பார்த்துவிட்டுக் குதிரையில் திரும்பிய தென்தரப்புத் தளபதி ‘ஸ்டோன்வால்’ ஜாக்சனை எதிரி என்று எண்ணிச் சுட்டவர்கள் அவருடைய தரப்பின் வட கரோலினா வீரர்களே. மூன்று குண்டுகள். இடக்கையை வெட்டி எடுத்தார்கள். மே 10 அன்று நிமோனியாவில் உயிர் பிரிந்தது. வயது 39. ஆற்றைக் கடந்து மரநிழலில் இளைப்பாறுவோம் என்பதே அவருடைய கடைசிப் பேச்சு.

அந்தப் பேச்சையே இரங்கற்பாவாக்கியவர் மார்கரெட் ஜங்கின் பிரெஸ்டன். ஜாக்சனின் முதல் மனைவி எலினாருக்கு அக்கா. 1854இல் எலினார் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அதன்பிறகும் ஜாக்சன் லெக்சிங்டனில் மாமனார் வீட்டிலேயே தங்கியிருந்தார். தங்கையை இழந்தவரும் மனைவியை இழந்தவரும் ஒரே கூரையின் கீழ் துக்கம் காத்தார்கள். 1857இல்தான் இருவருக்கும் தனித்தனியே மணமாயிற்று.

பிறகு 1861. கல்லூரித் தலைவராக இருந்த மார்கரெட்டின் அப்பா ஜார்ஜ் ஜங்கின், நாடு பிளவுபடுவதைப் பொறுக்காமல் பதவியை உதறிவிட்டு வடக்கே பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார். மகள் கணவரோடு தெற்கிலேயே நின்றார். அடுத்த ஆண்டு இரண்டாம் மனாசஸ் போரில் கணவரின் மூத்த தாரத்து மகன் பலியானான். அதன்மேல் விழுந்தது ஜாக்சனின் சாவு. நம் இலக்கணம் கையறுநிலை என்று பெயரிட்ட துயரம் இதைவிட நெருக்கமாக யாரைத் தீண்டியிருக்க முடியும்?

ஆனாலும் அந்தக் கவிதையைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஆறு இருக்கிறது, நிழல் இருக்கிறது, அடிமைகள் இல்லை. 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். ஜாக்சன் வீட்டிலும் இருந்தார்கள். அவர்களுடைய விலங்கு உடையாமல் இருக்கத்தான் அவருடைய படை போரிட்டது.

இந்த உறுத்தலோடு எழுதியவர் வடக்கே நியூயார்க்கில் இருந்தார்: ‘மோபி டிக்’ எழுதிய ஹெர்மன் மெல்வில். 1866இல் வந்த அவருடைய போர்க் கவிதைத் தொகுப்பில் ஜாக்சனுக்கு இரண்டு கவிதைகள். முதலாவது, அவர் தவறான பக்கம் நின்றார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அழுகிறது. அழுதபிறகும் வாழ்த்த மறுக்கிறது. இரண்டாவதை மெல்வில் ஒரு வர்ஜீனியாக்காரர் வாயில் வைத்தார். தோற்றவரின் துக்கத்தை அவரே சொல்லட்டும் என்று விட்டதாக அதை நான் படிக்கிறேன். மார்கரெட்டின் கவிதையோடு சேர்த்து இந்த மூன்றில், மெல்விலின் முதலாவதைத்தான் நான் மேலாக மதிக்கிறேன். எதிரியை வெறுத்து எழுதுவது எளிது, மன்னித்துப் பாடுவதும் எளிது. இரண்டையும் செய்யாமல் அழுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அதற்காக மார்கரெட்டின் கண்ணீரைப் பொய் என்று தள்ள என்னால் முடியவில்லை. மே 15 அன்று லெக்சிங்டன் இடுகாட்டில் ஜாக்சனைப் புதைத்தார்கள். தங்கை எலினாரின் கல்லறையும் அங்கேதான் இருந்தது.