திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகர்



திருமூலர் திருமந்திரம் அருளிய தலம் திருவாவடுதுறை. அங்கே நமசிவாய மூர்த்திகள் நிறுவிய ஆதீனத்தின் பதினாறாவது பட்டத்தில் எழுந்தருளியிருந்தவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். அப்பெருமானைப் பற்றி இத்திருவிழா நாளில் சிறிது சிந்திப்போம்.

சின்னப்பட்டத்தில் இருந்த காலத்தில் அவர் தங்கியிருந்தது கல்லிடைக்குறிச்சி மடத்தில். இளம்பிள்ளையாய் அங்கே வந்து பாடிய வைத்தியநாதையருக்கு 'மகா' என்னும் பட்டம் கிடைத்தது அவ்வவையிலேதான். அம்பலவாண தேசிகருக்குப் பின் 1869இல் சுப்பிரமணிய தேசிகர் ஆதீனத் தலைமையை ஏற்றார். நிலபுலங்கள், கோயிற் கட்டளைகள், தம்பிரான்மார், குருபூசை, மாகேசுவர பூசை என்று ஒரு சிறு அரசை ஆளும் பொறுப்பு அது. இவ்வளவுக்கும் இடையே பாடங் கேட்கவும் பாடஞ் சொல்லவும் அவருக்குப் பொழுது இருந்தது என்பதுதான் வியப்பு. வடமொழிப் புலவரும் தமிழ்ப் புலவரும் இசைவாணரும் அவர் சந்நிதியை நாடி வந்தவண்ணம் இருந்தனர்.

ஆதீன வித்துவானாக விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் 1876 பிப்ரவரி முதல் நாள், திருவாசகம் ஓதக் கேட்டபடியே சிவபதம் அடைந்தார். அருகிருந்து ஓதிய மாணாக்கர், இருபது வயதே நிரம்பிய உத்தமதானபுரம் சாமிநாதையர். ஆசிரியரை இழந்த அவ்விளைஞர் இனி எங்கே செல்வார்? தேசிகர் அவரை மடத்திலேயே இருத்திக்கொண்டார். தாமே பாடஞ் சொன்னார். தம்பிரான்மார்க்கு அவரைக்கொண்டு பாடஞ் சொல்லுவித்தார். குடியிருக்க வீடும் அளித்தார். சாமிநாதையர் துறவியும் அல்லர், ஆதீனத்துச் சீடர் மரபினரும் அல்லர். கற்றவர் என்ற ஒன்றே போதுமானதாயிற்று.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் சமயம். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. தம் இடத்துக்குச் சாமிநாதையரை அனுப்ப வேண்டும் என்று தேசிகரிடம் வந்து வேண்டினார். மடத்துப் பாடம் யாரால் நடக்கும்? அருமையாய் வளர்த்த ஒருவரைப் பிரிய மனம் எளிதில் இசையுமா? தேசிகர் தயங்கினார். அத்தயக்கத்தை நாம் குறையாக எண்ண வேண்டுவதில்லை. துறவியர்க்கும் கல்வியின்மேற் பற்று உண்டு. முடிவில் இசைந்து, நற்சான்றும் அளித்து, வாழ்த்தி விடைகொடுத்தார். 1880இல், மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் சாமிநாதையர் கல்லூரி ஆசிரியரானார். ஆயினும் மடத்தின் தொடர்பு அறவில்லை. விடுமுறை நாட்களில் அவர் திருவாவடுதுறைக்கு வந்துகொண்டேயிருந்தார்.

அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சாமிநாதையர் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். அது சமண காவியம். எனினும் சைவ மடத்து ஏடுகள் அதன் பதிப்புக்கு உதவின. பிற சமய நூலென்று சுவடியை மறைத்து வைக்கும் மனம் அந்த மடத்தில் இருக்கவில்லை. இன்று சமயப்பொறையைப் பற்றி மேடைகளில் நாம் நிறையப் பேசுகிறோம். அவர்கள் ஏட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

சிந்தாமணி 1887இல் அச்சாகி வெளிவந்தது. மறு ஆண்டு, 1888இல், தேசிகர் பரிபூரணம் எய்தினார். அதன்பின் 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் சாமிநாதையர் பதிப்பாக ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. இவற்றுள் ஒன்றையேனும் கையில் வாங்கிப் பார்க்கத் தேசிகர் இல்லை.