ஆடியற்ற மாற்றுவில்லை ஒளிப்படக்கருவி

ஆடியற்ற மாற்றுவில்லை ஒளிப்படக்கருவி என்பது, வில்லையின் வழியே வரும் ஒளியை ஆடி எதனாலும் திருப்பாமல் நேரடியாக உணரியில் விழச்செய்து, உணரி காணும் காட்சியை மின்னணுத் திரையில் காட்டும் எண்ணிம ஒளிப்படக்கருவி ஆகும். இதன் வில்லையைக் கழற்றி வேறு வில்லையைப் பொருத்தலாம். பேச்சு வழக்கில் இது மிரர்லெஸ் கேமரா எனப்படுகிறது.

2008 ஆம் ஆண்டில் இவ்வகையின் முதல் பொதுப் பயன்பாட்டுக் கருவி அறிமுகமானது. சட்டைப்பைக் கருவியின் சிறிய உருவமும், தொழில்முறைக் கருவியின் படத்தரமும் ஒன்றாகக் கிடைக்கவேண்டும் என்பதே ஒளிப்படக் கலைஞர்கள் இதனிடம் கொண்ட முதன்மையான எதிர்பார்ப்பு ஆகும். வேகம், காட்சித் தெளிவு, வில்லைகளின் எண்ணிக்கை போன்ற எதிர்பார்ப்புகள் அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பாலும் நிறைவேறின. எனினும் சிற்றுருவம் என்னும் முதல் எதிர்பார்ப்பு ஓரளவே நிறைவேறியது. இதற்குச் சந்தைக் காரணங்களுடன் ஒளியியல் காரணங்களும் உண்டு.

பெயர்

இயற்பியலில் ஒளியை எதிரொளிக்கும் பரப்பு ஆடி எனவும், ஒளியை விலகச்செய்து குவிக்கும் பொருள் வில்லை எனவும் வழங்கப்படுகின்றன. ஆகவே "ஆடியற்ற" என்னும் அடைமொழி, கருவியின் உள்ளே எதிரொளிக்கும் ஆடி இல்லை என்பதையே குறிக்கும். வில்லைகள் இதில் வழக்கம்போல் உண்டு.

அமைப்பு

டி.எஸ்.எல்.ஆர் எனப்படும் ஒற்றைவில்லை எதிரொளிப்புக் கருவியில், உணரிக்கு முன்னே 45 பாகை சாய்வில் ஓர் ஆடி உள்ளது. அது ஒளியை மேல்நோக்கித் திருப்ப, ஐங்கோணப் பட்டகம் ஒன்று அதனைக் கண்ணருகே உள்ள காட்சிச் சாளரத்துக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தும்போது ஆடி மேலெழுந்து ஒளிக்கு வழிவிடுகிறது. ஆடி அசைவதற்கு இடம் வேண்டியிருப்பதால், வில்லை பொருந்தும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையே கணிசமான தூரம் தேவைப்படுகிறது.

ஆடியை நீக்கினால் பட்டகமும் தேவையற்றுப்போகிறது, இடைத்தூரமும் குறைகிறது. சில அமைப்புகளில் இத்தூரம் வருமாறு:

- நிக்கான் எஃப் (ஆடியுடையது): 46.5 மி.மீ
- கேனன் இஎஃப் (ஆடியுடையது): 44 மி.மீ
- கேனன் ஆர்எஃப்: 20 மி.மீ
- சோனி இ: 18 மி.மீ
- ஃபூஜிஃபில்ம் எக்ஸ்: 17.7 மி.மீ
- நிக்கான் இசட்: 16 மி.மீ

வரலாறு

முன்னோடிகள்

ஆடியில்லாமல் வில்லையை மாற்றும் வசதி புதியது அன்று. லைக்கா எம் போன்ற தொலைவளவிப் படச்சுருள் கருவிகளில் அது 1950களிலேயே இருந்தது. அவற்றின் வழிவந்த எண்ணிமக் கருவிகளாக எப்சன் ஆர்-டி1 2004 இலும், லைக்கா எம்8 2006 இலும் வெளிவந்தன. இவற்றில் குவியத்தைக் கையால் சரிசெய்யவேண்டும். காட்சிச் சாளரமும் வில்லையின் வழியே காட்டாது.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்

2008 ஆகத்து மாதத்தில் ஒலிம்பசு, பானசோனிக் ஆகிய இரு ஜப்பானிய நிறுவனங்களும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் பொதுத் தரத்தை அறிவித்தன. அதே ஆண்டில் பானசோனிக் லூமிக்ஸ் ஜி1 விற்பனைக்கு வந்தது. தானியங்கிக் குவியமும் மின்னணுக் காட்சிச் சாளரமும் கொண்டிருந்த இக்கருவி, தோற்றத்தில் சிறிய டி.எஸ்.எல்.ஆர் போலவே இருந்தது. வில்லை நீங்கலாக ஏறத்தாழ 385 கிராம் எடை கொண்டிருந்தது. அவ்வாண்டு வெளிவந்த ஒலிம்பசு இ-420 என்னும் டி.எஸ்.எல்.ஆர் கருவியின் எடையோ 380 கிராம் மட்டுமே. ஆடியை நீக்குவதால் மட்டும் கருவி எடை குறைந்துவிடாது என்பது முதற்கருவியிலேயே புலப்பட்டது.

2009 சூன் மாதத்தில் ஒலிம்பசு பென் இ-பி1 அறிமுகமானது. இது 1959 இல் மைதானி யோசிகிசா வடிவமைத்த பென் என்னும் அரைச்சட்டகப் படச்சுருள் கருவியின் பெயரையும் தோற்றத்தையும் தழுவியது. காட்சிச் சாளரமும் மின்வெட்டொளியும் இதில் உள்ளமைக்கப்படவில்லை. அதே ஆண்டில் பானசோனிக் ஜிஎஃப்1 கருவியும், அதனுடன் 20 மி.மீ எஃப்/1.7 வில்லையும் வெளிவந்தன. 100 கிராம் எடையும் 25.5 மி.மீ நீளமும் கொண்ட இவ்வில்லை, மேற்சட்டைப் பையில் அடங்கும் கருவி என்னும் எண்ணத்துக்கு நல்ல எடுத்துக்காட்டாயிற்று.

பிற நிறுவனங்கள்

2010 இல் சாம்சங் என்எக்ஸ்10, சோனி நெக்ஸ்-3, நெக்ஸ்-5 ஆகியவை ஏபிஎஸ்-சி அளவு உணரியுடன் வெளிவந்தன. 2011 இல் நிக்கான் 1, பென்டாக்ஸ் கியூ ஆகிய வரிசைகள் இன்னும் சிறிய உணரிகளைக் கொண்டு வந்தன. 2012 இல் ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-புரோ1, கேனன் இஓஎஸ் எம் ஆகியவை இணைந்தன. 2013 இல் சோனி ஆல்ஃபா 7 கருவி, 36 × 24 மி.மீ முழுச்சட்டக உணரியையும் தானியங்கிக் குவியத்தையும் ஆடியற்ற உடலில் சேர்த்தது. நிக்கான் இசட், கேனன் ஆர் ஆகிய முழுச்சட்டக வரிசைகள் 2018 இல் தொடங்கின.

ஒளிப்படக் கலைஞர்களின் எதிர்பார்ப்புகள்

எடுத்துச்செல்லும் வசதி

வீட்டில் விட்டுச்செல்லப்படும் கருவியால் படம் எடுக்க இயலாது. பயணிகள், மலையேறுவோர், தெருக்காட்சிகளைப் படம்பிடிப்போர் ஆகியோர் நாள் முழுதும் தோளில் சுமக்கக்கூடிய எடையை நாடினர். சிறிய கருவி கவனத்தை ஈர்ப்பதில்லை. எதிரே இருப்பவரின் இயல்பும் மாறுவதில்லை. ஆகவே சிற்றுருவம் என்பது வசதியை மட்டுமன்றி, எடுக்கப்படும் படத்தின் தன்மையையும் பொறுத்த எதிர்பார்ப்பாகும்.

உணரியின் அளவு

உணரி பெரிதாக இருப்பின், ஒரே காட்சிக்கும் ஒரே துளை எண்ணுக்கும் அது சேகரிக்கும் மொத்த ஒளி மிகுதியாகும். மங்கலான வெளிச்சத்தில் புள்ளி இரைச்சல் குறையும். பின்னணியை மங்கலாக்குவதும் எளிதாகும். உணரிகளின் பரப்பளவு ஏறத்தாழ வருமாறு:

- சாதாரண சட்டைப்பைக் கருவி: 28 சதுர மி.மீ
- நிக்கான் 1: 116 சதுர மி.மீ
- மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 225 சதுர மி.மீ
- ஏபிஎஸ்-சி: 370 சதுர மி.மீ
- முழுச்சட்டகம்: 864 சதுர மி.மீ

சட்டைப்பைக் கருவியிலிருந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்சுக்கு மாறுபவர் எட்டு மடங்கு பரப்பைப் பெறுகிறார். அங்கிருந்து முழுச்சட்டகத்துக்கு மாறுபவர் ஏறத்தாழ நான்கு மடங்கு பெறுகிறார்.

சிறிய, ஒளிமிகு வில்லைகள்

உடல் சிறிதாக இருந்தும் வில்லை நீண்டிருந்தால் கருவி பையில் அடங்காது. எனவே தட்டையான, மாறாக் குவியத்தூர வில்லைகள் விரும்பப்பட்டன. பானசோனிக் 20 மி.மீ எஃப்/1.7, 116 கிராம் எடையுள்ள ஒலிம்பசு 45 மி.மீ எஃப்/1.8, 105 கிராம் எடையுள்ள கேனன் 22 மி.மீ எஃப்/2 ஆகியவை இத்தேவைக்கு எடுத்துக்காட்டுகள்.

வில்லைகளின் எண்ணிக்கையும் முக்கியமானது. ஓர் அமைப்பில் பணம் இடுபவர், அது நீடிக்கும் என்னும் உறுதியை நாடுகிறார். கேனன் நிறுவனம் தன் இஓஎஸ் எம் வரிசைக்கு எட்டு வில்லைகளை மட்டுமே வெளியிட்டது. அவ்வரிசை 2023 இல் முடிவுற்றது. நிக்கான் 1 வரிசை 2018 இல் நிறுத்தப்பட்டது. சாம்சங்கும் இத்துறையிலிருந்து விலகியது. இவற்றின் வில்லைகளை வாங்கியிருந்தோர்க்குப் புதிய உடல் கிடைக்கும் வழி அடைபட்டது.

காட்சிச் சாளரம்

வெயிலில் பின்புறத் திரை தெளிவாகத் தெரிவதில்லை. மேலும் கருவியைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தால் கை நடுக்கம் குறையும். ஆகவே உள்ளமைந்த காட்சிச் சாளரம் தொடக்கம் முதலே கோரப்பட்டது. ஜி1 கருவியின் சாளரம் 14.4 இலட்சம் புள்ளிகளுக்கு இணையானது. 2011 இல் வெளிவந்த சோனி நெக்ஸ்-7 கருவியில் இது ஏறத்தாழ 23.6 இலட்சம் ஆயிற்று.

எடுக்கப்போகும் படத்தின் ஒளியளவையும் வண்ணத்தையும் முன்கூட்டியே காட்டுவது மின்னணுச் சாளரத்தின் சிறப்பாகும். ஆனால் விரைவாக அசையும் பொருளைக் காட்டுவதில் தொடக்ககாலச் சாளரங்கள் பின்தங்கின. ஆடிவழிச் சாளரத்தின் உடனடித் தெளிவை விரும்பியவர்களும் பலர்.

குவியத்தின் வேகம்

டி.எஸ்.எல்.ஆர் கருவியில் ஆடியின் அடியே தனி உணரி ஒன்று, கட்ட ஒப்பீட்டு முறையில் குவியம் எத்திசையில் எவ்வளவு விலகியுள்ளது என்பதை ஒரே முறையில் கணிக்கிறது. ஆடியற்ற தொடக்ககாலக் கருவிகள் வேறுபாட்டு முறையைப் பின்பற்றின. இம்முறையில் வில்லை முன்னும் பின்னும் நகர்ந்து, படம் மிகக் கூர்மையாகும் இடத்தைத் தேடுகிறது. ஓடும் குழந்தை, பறக்கும் பறவை ஆகியவற்றுக்கு இது போதவில்லை.

2011 இல் நிக்கான் 1 வரிசை, படம் பதியும் உணரியிலேயே கட்ட ஒப்பீட்டுப் புள்ளிகளை அமைத்தது. பின்னர் பிற நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. குவியம் அளக்கப்படும் இடமும் படம் பதியும் இடமும் ஒன்றே ஆதலால், டி.எஸ்.எல்.ஆர் கருவிகளில் நேரும் முன்குவிய, பின்குவியப் பிழைகள் இதில் பெரிதும் தவிர்க்கப்படுகின்றன. 2017 இல் வெளிவந்த சோனி ஆல்ஃபா 9 நொடிக்கு 20 படங்களைத் திரை இருளாமல் எடுத்தது. இதன்பின் விளையாட்டு ஒளிப்படத் துறையிலும் ஆடியற்ற கருவிகள் இடம்பெறலாயின.

நேரடிக் கட்டுப்பாடுகள்

சிறிய உடலில் பொத்தான்களைக் குறைத்து, அமைவுகளைப் பட்டியல்களுக்குள் வைத்தால், படம் எடுக்கும் கணம் தவறிவிடும். துளை, ஷட்டர் வேகம், ஒளித் திருத்தம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வளையங்கள் வேண்டும் என்பது தேர்ந்த பயனர்களின் கோரிக்கை. எக்ஸ்-புரோ1 கருவியின் உடலில் ஷட்டர் வேகத்துக்கும் ஒளித் திருத்தத்துக்கும் தனி வளையங்களும், அதன் வில்லைகளில் துளை வளையமும் அமைக்கப்பட்டன.

மின்கலம்

உணரியும் திரையும் தொடர்ந்து இயங்குவதால் மின்செலவு மிகுதி. சிறிய உடலில் பெரிய மின்கலத்துக்கும் இடமில்லை. 2013 ஆம் ஆண்டின் ஆல்ஃபா 7, பின்புறத் திரையைப் பயன்படுத்தினால் ஒரு மின்னேற்றத்தில் 340 படங்கள் தரும் என மதிப்பிடப்பட்டது. அக்கால நிக்கான் டி610 என்னும் டி.எஸ்.எல்.ஆர் 900 படங்கள் தந்தது. 2018 இல் பெரிய மின்கலத்துடன் வந்த ஆல்ஃபா 7 மூன்றாம் பதிப்பில் இந்த எண்ணிக்கை 710 ஆக உயர்ந்தது.

பழைய வில்லைகளின் பயன்பாடு

இடைத்தூரம் குறைவு ஆதலால், இணைப்பு வளையம் ஒன்றைக் கொண்டு பழைய படச்சுருள் கால வில்லைகள் பலவற்றைப் பொருத்தலாம். குவியத்தைக் கையால் சரிசெய்யும்போது திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் தொலைவளவிக் கருவிகளுக்கான அகல்கோண வில்லைகள் சில, ஒளியை மிகச் சாய்வாக அனுப்புவதால் படத்தின் மூலைகளில் இருளும் நிறப்பிறழ்வும் தோன்றுகின்றன.

உருவளவு குறித்த முரண்

ஆடியை நீக்குவது உடலைச் சிறிதாக்கும். வில்லையைச் சிறிதாக்குவது உறுதியில்லை. வில்லையின் புகுதுளை விட்டம், குவியத்தூரத்தைத் துளை எண்ணால் வகுத்துப் பெறப்படுகிறது. 200 மி.மீ எஃப்/2.8 வில்லைக்கு இது ஏறத்தாழ 71 மி.மீ ஆகும். கருவியில் ஆடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவ்விட்டம் மாறாது.

அகல்கோண வில்லைகளில் நிலைமை வேறு. ஆடிக்கு இடம்விட வேண்டியதில்லை ஆதலால் அவற்றை எளிய அமைப்பில், சிறிதாகச் செய்ய வாய்ப்புண்டு. தொலைநோக்கு வில்லைகளுக்கு இந்த நன்மை மிகக் குறைவு.

ஆல்ஃபா 7 கருவியின் உடல் மின்கலத்துடன் 474 கிராம். டி610 அவ்வாறே 850 கிராம். ஆனால் 2016 இல் சோனி வெளியிட்ட 24-70 மி.மீ எஃப்/2.8 வில்லையின் எடை 886 கிராம். டி.எஸ்.எல்.ஆர் கருவிகளுக்கான கேனனின் ஒத்த வில்லை 805 கிராமே. உடலில் குறைந்த எடையின் ஒரு பகுதி வில்லையில் மீண்டும் சேர்ந்தது. 2022 இல் வந்த சோனியின் இரண்டாம் பதிப்பு 695 கிராமாகக் குறைக்கப்பட்டது.

உணரியைச் சிறிதாக்கினால் வில்லை சிறிதாகும். முழுச்சட்டகத்தில் 200 மி.மீ தரும் காட்சிக் கோணத்தை மைக்ரோ ஃபோர் தேர்ட்சில் 100 மி.மீ தருகிறது, எஃப்/2.8 இல் அதன் புகுதுளை 36 மி.மீ மட்டுமே. ஆனால் உணரி பெறும் மொத்த ஒளியும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே சிற்றுருவம், பெரிய உணரி, ஒளிமிகு வில்லை ஆகிய மூன்றையும் முழுமையாக ஒருசேரப் பெற இயலாது. வாங்குபவர் ஏதேனும் ஒன்றில் விட்டுக்கொடுக்கவே வேண்டியிருக்கிறது.

பிற்கால நிலை

2020 இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில், ஆடியற்ற கருவிகளின் அனுப்பீடு முதன்முறையாக டி.எஸ்.எல்.ஆர் கருவிகளை விஞ்சியது. ஆனால் நிறுவனங்களின் கவனம் பெரும்பாலும் விலையுயர்ந்த முழுச்சட்டகக் கருவிகளுக்குத் திரும்பியது. 2013 இல் வெளிவந்த பானசோனிக் ஜிஎம்1, 98.5 × 54.9 × 30.4 மி.மீ அளவில், மின்கலத்துடன் 204 கிராம் மட்டுமே எடை கொண்டிருந்தது. 2014 இல் காட்சிச் சாளரத்துடன் வந்த ஜிஎம்5 கருவிக்குப் பின் அவ்வரிசை தொடரவில்லை. ஒலிம்பசு தன் ஒளிப்படக்கருவிப் பிரிவைப் பிரித்துக்கொடுத்ததை அடுத்து, 2021 முதல் அது ஓஎம் டிஜிட்டல் சொல்யூசன்ஸ் என்னும் நிறுவனமாக இயங்குகிறது.

சிற்றுருவத்தின் மீதான விருப்பம் மறையவில்லை. 2020 இல் வெளிவந்த சோனி ஆல்ஃபா 7சி, முழுச்சட்டக உணரியை 509 கிராம் உடலில் அடக்கியது. வில்லையை மாற்றும் வசதியையே விட்டுக்கொடுத்து, ஏபிஎஸ்-சி உணரியுடன் 257 கிராமில் அமைந்த ரிக்கோ ஜிஆர் 3 (2019), ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை ஆகியவற்றை நாடுவோரும் உளர். திறன்பேசிகள் சட்டைப்பைக் கருவிகளின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்ட நிலையில், திறன்பேசியைவிடத் தெளிவாக உயர்ந்த படம் தரும், எனினும் சுமையாகத் தோன்றாத கருவி என்பதே இவ்வகைக் கருவிகளிடம் தொடர்ந்து நாடப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- ஒளிப்படவியல்
- எண்ணிம ஒளிப்படக்கருவி
- வில்லை
- குவியத்தூரம்
- ஒற்றைவில்லை எதிரொளிப்பு ஒளிப்படக்கருவி