பனிச்சரிவு: இடமும் நேரமும்

ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் பனிச்சரிவு எங்கே இறங்கும் என்பது ஊராருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். எப்போது இறங்கும் என்பதுதான் பிடிபடவில்லை. ஆண்டர்மாட் ஊருக்கு மேலிருந்த காட்டில் மரம் வெட்டக் கூடாதென்று 1397இலேயே பள்ளத்தாக்கு மக்கள் சாசனம் எழுதிவைத்தார்கள். பனியை மேலேயே பிடித்து நிறுத்துபவை மரங்கள். தாவோஸ் அருகே ஃபிராவன்கிர்ஷ் தேவாலயத்தின் மலைப்பக்கச் சுவர், பாய்ந்துவரும் பனி இரண்டாகப் பிளந்து விலகும்படி கூர்முனையாகக் கட்டப்பட்டது. வன அதிகாரி யோஹான் கோஆஸ் பனிச்சரிவுகளைப் பற்றி 1881இல் ஒரு நூலே வெளியிட்டார்.

பனியின் உள்ளே பார்க்கும் வேலை 1930களில்தான் முறையாகத் தொடங்கியது. தாவோஸுக்கு மேலே, சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள வைஸ்ஃப்ளூயோக்கில் ஆய்வாளர்கள் குடில் போட்டார்கள். கூம்பு முனைக் கம்பியைப் பனியில் நட்டு, அதன்மேல் ஓர் எடையைத் திரும்பத் திரும்ப விழவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தார்கள். சில ஆழங்களில் கம்பி முரண்டு பிடிக்கும். சிலவற்றில் ஒரே அடியில் சரேலென இறங்கிவிடும். ஆபத்து ஒளிந்திருந்தது அங்கேதான்: சர்க்கரைபோல் ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களின் அடுக்கு. புயற்காற்று அள்ளிக் கொட்டும் புதுப்பனி இறுகிப் பலகையாகி, அந்த அடுக்கின்மேல் பாரமேற்றும். 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் அடுக்கு நொறுங்கினால் மேலுள்ளதெல்லாம் ஒருசேர நழுவும். வானம் வெளுத்த பிறகும் அந்த அடுக்கு நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் வலுவில்லாமலே கிடக்கும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவம் நடத்திய பனிச்சரிவு எச்சரிக்கைப் பணி 1945இல் இந்த ஆய்வாளர்களின் தாவோஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆனால் 1951 குளிர்காலத்தில் அறிவிப்பு மட்டும் போதவில்லை. ஸ்விட்சர்லாந்தில் 98 பேர் மாண்டார்கள். வால்ஸ் கிராமத்தில் மட்டும் 19 பேர். பழைய காப்புக்காடு நின்ற ஆண்டர்மாட்டிலும் 13 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சரிவுகளில் எஃகுத் தடுப்புகள் வரிசையாக எழுந்தன. எங்கே வீடு கட்டக் கூடாதென்று காட்டும் அபாய வரைபடங்களும் வந்தன. மீண்டும் பெரும்பனி கொட்டிய 1999இல் அந்நாட்டில் 17 பேர் இறந்தனர். சுற்றுலாவால் பள்ளத்தாக்குகள் முன்னைவிட நெரிசலாகியிருந்த காலம் அது.

இன்று இறப்பவர்கள் பெரும்பாலும் ஊரார் அல்லர். பராமரிக்கப்பட்ட தடங்களை விட்டு வெளியே செல்லும் பனிச்சறுக்குக்காரர்களும் மலையேறிகளும்தான். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் சிக்குவது, தாங்களோ உடன் வந்தவர்களோ மிதித்துக் கிளப்பிவிட்ட சரிவில். 1993 முதல் ஐரோப்பாவில் ஆபத்து ஐந்து படிகளில் அறிவிக்கப்படுகிறது. நான்காம், ஐந்தாம் படி என்றால் பலரும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மிகுதியான உயிர்கள் போவது மூன்றாம் படி நாட்களில்.