உதட்டுச் சாயமும் ஒரு கவளமும்

ஈழத்தமிழரின் 'பாண்', ஜப்பானியரின் 'பான்' இரண்டும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தவை. சொல் முன்பே வந்துவிட்டது. ரொட்டி உண்ணும் பழக்கமோ மெய்ஜி காலத்தில்தான் (1868–1912) பரவலாயிற்று. 1872-இல் பேரரசரே மாட்டிறைச்சி உண்டார். நெடுங்காலப் புலால் விலக்கு வெளிப்படையாகத் தளர்ந்தது. 1899-இல் ஓஃபுனா ரயில் நிலையத்தில் சாண்ட்விச் பொதி விற்பனைக்கு வந்தது.

ஆனால் என்னை ஈர்ப்பது 'கட்சு சாண்டோ'. பொரித்த பன்றியிறைச்சியை மென்ரொட்டிக்குள் வைத்த இப்பண்டம், 1935-இல் டோக்கியோவின் உவேனோ பகுதியிலுள்ள 'இசென்' உணவகத்தில் பிறந்தது என்பர். அக்கம்பக்கத்துக் கெய்ஷாப் பெண்களின் உதட்டுச் சாயம் கலையலாகாதென்று, உணவகத்து அம்மையார் சிறுசிறு துண்டுகளாக அமைத்தாராம். பொதியாக வாங்கி உண்டு பார்த்தேன். ஒரு துண்டு ஒரு கவளம்தான். பேரரசரின் விருந்தை ஏடுகள் குறித்து வைத்தன. இந்தக் கவளத்தின் அளவை வகுத்ததோ, பெயர் தெரியாத பெண்களின் தொழில். அவ்வுணவகம் இன்றும் அதைச் சிறு பெட்டிகளில் விற்கிறது.