ராஜாவுக்கே தெரியாத குடித்தனக்காரர்கள்

மைசூருக்குச் சுற்றுலா போனால் நாம் என்ன செய்வோம்? அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவன் தோட்டம், கையில் ஒரு பெட்டி மைசூர்பாகு... முடிந்தது! வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கி, திப்புவின் கோட்டையை எட்டிப் பார்ப்பதோடு சரி. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், காவிரியின் நடுவே இன்னொரு ராஜ்ஜியம் இருக்கிறது. பெயர், ரங்கனதிட்டு. திட்டு என்றால்? நம்ம ஊர் மணல் திட்டு இருக்கிறதே, அதே திட்டுதான்!

கதை 1640-களில் ஆரம்பிக்கிறது. மைசூரை அப்போது ஆண்டவர் கண்டீரவ நரசராஜ உடையார். வயல்களுக்குப் பாசனம் வேண்டும் என்று காவிரியின் குறுக்கே ஓர் அணைக்கட்டு எழுப்பினார். நீர்மட்டம் உயர்ந்தது. ஆற்றிலிருந்த மேடுகளும் பாறைகளும் துண்டு துண்டாகப் பிரிந்து குட்டித் தீவுகளாயின. ராஜா நினைத்தது நெல்லை. கூடவே முளைத்ததோ ஒரு பறவை விடுதி!

பறவைகளுக்கு இதில் என்ன லாபம் என்கிறீர்களா? கூடு கட்டும் பறவைக்குப் பெரிய பயமே திருடர்கள்தான். நரி, நாய், பூனை... எது வேண்டுமானாலும் மரத்தடிக்கு வரலாம். ஆனால், சுற்றிலும் தண்ணீர் இருந்தால்? அதிலும் அந்தத் தண்ணீரில் முதலைகள் மிதந்தால்? பாறை மேல் வாயைப் பிளந்தபடி வெயில் காய்கிற ரங்கனதிட்டு முதலைகள், ஒரு வகையில் சம்பளம் வாங்காத வாட்ச்மேன்கள். என்ன, தண்ணீரில் தவறி விழும் குஞ்சை அவ்வப்போது கூலியாக எடுத்துக்கொள்வார்கள்!

சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. கால்வாய் வந்தது, வயல் வந்தது, வயலில் நத்தை வந்தது. நத்தை குத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைக் கையாள அதற்கென்றே அமைந்த அலகு அது. குஞ்சாக இருக்கும்போது இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும்! இது தவிர மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம் என்று ஒரு பட்டாளமே இங்கே குடித்தனம் நடத்துகிறது. ஆற்று ஆலா இன்னும் தைரியசாலி. கூடாவது, மண்ணாவது... வெறும் பாறையிலேயே முட்டையிட்டுவிடும்!

கிட்டத்தட்ட முந்நூறு வருடம் இப்படியே போனது. பிறகு, 1939-40-ல் மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். சலீம் அலி. சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டுவிட்டு, 'இது என்ன குருவி?' என்று விசாரிக்கப் போனவர். அந்தக் கேள்வியே அவரைப் பறவைகளிடம் ஒப்படைத்துவிட்டது. ரங்கனதிட்டைப் பார்த்தவர், இதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று மைசூர் அரசிடம் எடுத்துச் சொன்னார். 1940-ல் அது சரணாலயமானது. வேட்டை என்பது ராஜாக்களின் பெருமையாக இருந்த காலம் அது! நாடு முழுவதற்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வர இன்னும் 32 வருடங்கள் இருந்தன. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. கர்நாடகத்திலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுதான்.

ஆக, எல்லாம் சுபம் என்கிறீர்களா? அதுதான் இல்லை!

ரங்கனதிட்டுக்கு மேலே, அதே காவிரியில் கிருஷ்ணராஜ சாகர் அணை இருக்கிறது. குடகில் மழை கொட்டி அணை நிரம்பினால், மதகைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. குஞ்சுகள் பறக்கப் பழகுவதற்குள் வெள்ளம் வந்துவிட்டால், தாழ்ந்த கிளையில் இருக்கிற கூடுகள் கதி அதோகதி! 2018, 2019 ஆகஸ்ட் வெள்ளத்தில் திட்டுகள் மூழ்கின, படகுகள் நின்றன. மண் கரைந்துபோன தீவுகளை மணல் மூட்டை அடுக்கி மீட்க வேண்டியிருந்தது. சரி, தண்ணீரே வராவிட்டால்? ஆறு வற்றும், தீவு கரையோடு ஒட்டிக்கொள்ளும், நாய் நடந்தே போய்விடும். வெள்ளமும் ஆகாது, வறட்சியும் ஆகாது!

ஒரு அணை உண்டாக்கிக் கொடுத்த வீட்டை இன்னொரு அணை ஆட்டிப் பார்க்கிறது. இரண்டுமே மனிதர்கள் சோற்றுக்காகக் கட்டியவை. யாரைக் குற்றம் சொல்வது?

'கிருஷ்ணராஜ சாகரில் இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு' என்று டி.வி.யில் செய்தி ஓடும்போது, நமக்கு மேட்டூர்தான் ஞாபகத்துக்கு வரும். நியாயம்தான், நம் வயிறு சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே! ஆனால், அந்தத் தண்ணீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுவதற்கு முன்பே, ரங்கனதிட்டில் ஏதோ ஒரு கரண்டிவாயன் கழுத்தை நீட்டி அதை அளந்திருக்கும். கூட்டுக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி என்று!