கொள்ளைநோயும் நகரத் திட்டமும்: பம்பாய், கொழும்பு அனுபவங்கள் பற்றிய ஒரு நோக்கு

நகரங்களின் வரலாற்றை எழுதியோர் கோட்டை, துறைமுகம், சந்தை ஆகியவற்றிற்கு அளித்த கவனத்தை நோய்க்கு அளித்தாரல்லர். ஆயினும் நாம் இன்று நடக்கும் தெருக்களின் அகலத்தையும், வீட்டுக்கும் வீட்டுக்குமிடையே சட்டம் வேண்டி நிற்கும் வெளியையும் நிருணயித்ததிற் கொள்ளைநோய்களுக்குப் பெரும் பங்குண்டு. 2020ஆம் ஆண்டின் கொவிட் பெருந்தொற்றை அடுத்துத் 'தாங்குதிறன் வாய்ந்த நகரம்', 'நிலைபேறான நகரம்' என்னுந் தொடர்கள் திட்டமிடலாளர் மத்தியிற் பெருவழக்குப் பெற்றுள்ளன. தொடர்கள் புதியன, முயற்சி புதியதன்று. நோயின் பெயரால் நகரம் திருத்தப்படும்போது யாருடைய வீடு இடிக்கப்படுகின்றது, அவ்வீட்டில் வாழ்ந்தவர் எங்கே போகின்றார் என்னும் இரு வினாக்களை முன்வைத்து, பம்பாய், கொழும்பு ஆகிய இரு துறைமுக நகரங்களின் அனுபவத்தை நாம் இங்கு நோக்குவோம்.

1896ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் டொக்டர் அகாசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் பிளேக் நோயை இனங்கண்டார். மாண்டவி, துறைமுகத்தை அண்டிய தானியக் களஞ்சியங்கள் நிறைந்த பகுதி என்பது மனங்கொள்ளத்தக்கது. பிளேக்கின் நுண்ணுயிர் ஹொங்கொங்கில் 1894இலேயே கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் அது மனிதனை வந்தடையும் வழி அறியப்பட்டிருக்கவில்லை. எனவே அழுக்கு, ஈரம், இருள், நெருக்கம் என்பனவே நோயின் உறைவிடங்களெனக் கொள்ளப்பட்டன. வடிகால்களிற் கடல்நீரும் காபோலிக் அமிலமும் பாய்ச்சப்பட்டன. வெளிச்சம் புகுவதற்கெனக் கூரை ஓடுகள் அகற்றப்பட்டன. 'மனித வாசத்துக்குத் தகாதது' என வீடுகளுக்கு அடையாளமிடப்பட்டது. வடிகாலுக்குட் பாய்ந்த நீர் எலிகளை வீடுகளுக்குள்ளே விரட்டியிருக்கக்கூடும் என்பது பிற்கால அறிவின் துணைகொண்டு நாம் ஊகிக்கத்தக்கதே.

1897 பெப்ரவரியில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் வீடுகளுட் புகவும், நோயுற்றோரைப் பிரித்தெடுக்கவும், உடைமைகளை அழிக்கவும் அரசுக்கு ஏறத்தாழ வரம்பற்ற அதிகாரம் அளித்தது. அதன் விளைவான சினம் அவ்வாண்டு ஜூன் 22ஆந் திகதி புனே நகரிற் பிளேக் ஆணையாளர் ராண்டின் கொலையில் வெளிப்பட்டமை யாவரும் அறிந்ததே. அத்துணை அறியப்படாத ஒரு செய்தி எமது பொருளுக்கு இன்றியமையாதது. எட்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த பம்பாயிலிருந்து அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 1897இன் தொடக்க மாதங்களுக்குள் வெளியேறினர். ஆலைகள் ஆளின்றித் தவித்தன. தெரு முனைகளில் ஆலைக்காரர் தொழிலாளரை ஏலங்கேட்பது போலக் கூலியை உயர்த்திக் கேட்டனர்; மாதக் கூலிக்குப் பதிலாக நாட்கூலி கொடுக்க உடன்பட்டனர். ஊருக்குத் திரும்பிச் செல்லும் வழி அடைபடாதிருந்தமையாலே தொழிலாளி சில மாதங்களேனும் பேரம் பேசும் வலிமை பெற்றான். ஆளும் வட்டாரங்களை அச்சுறுத்தியது நோய் மாத்திரமன்று. உழைப்புச் சந்தை தம் கைவிட்டு நழுவியதும், பம்பாய்ச் சரக்குகளுக்குப் பிறநாட்டுத் துறைமுகங்கள் விதித்த தடைகளும் அவற்றோடு சேர்ந்தன.

இப்பின்னணியிலேயே 1898இற் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை சட்டவாயிலாக உருப்பெற்றது. அதன் உறுப்பினரிடையே மாநகராட்சியின் பிரதிநிதிகளோடு வர்த்தக சங்கம், துறைமுக நிருவாகம், ஆலை முதலாளிகள் சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் இடம்பெற்றனர். வாடகைக்குக் குடியிருந்தோர் சார்பாக எவருமிலர். நாகபாடாப் பகுதியிற் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. பிரின்செஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் வீதி முதலியன நெருங்கிய குடியிருப்புகளை ஊடறுத்து அமைக்கப்பட்டன. கடற்காற்று நகரின் நடுவே புகவேண்டுமென்பது இவ்வீதிகளுக்குக் கூறப்பட்ட நியாயம். காற்று புகுந்ததோ இல்லையோ, சரக்கும் நிலவிலையும் தங்குதடையின்றிப் புகுந்தன.

இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோர் எங்கே போயினர்? வேலைத்தலத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் வாழவேண்டிய கட்டாயம் அவர்க்கிருந்தது. ஆதலின் அயலிலே எஞ்சியிருந்த ஒற்றையறைக் குடித்தனங்களுக்குள் அவர்கள் நெருக்குண்டனர், வாடகை ஏறிற்று. நட்டஈடு வாடகை வருமானத்தைக் கொண்டு கணிக்கப்பட்டமையால், வீடு கையேற்கப்படுமென அறிந்த உரிமையாளர் மேலும் பலரை அதனுள் அடைத்து வருமானத்தை உயர்த்திக்காட்டவும் இடமிருந்தது. நெருக்கத்தை ஒழிக்கவெனத் தோன்றிய நிறுவனம் நெருக்கத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்த்தது. வடக்கே தாதர், மாதுங்கா நிலங்களில் அது வகுத்த புதிய குடியிருப்புகள் அழகியன. அவை நடுத்தர வர்க்கத்தினர்க்கே எட்டின. மாதுங்காவிற் குடியேறி வேரூன்றிய தமிழ் உத்தியோகத்தர் குடும்பங்களும் அத்திட்டத்தின் பயனைப் பெற்றோரே என்பதை இவ்விடத்துக் குறிப்பிடல் தகும்.

இதற்கிடையே அறிவியல் வேறு திசையிற் சென்றது. எலித் தெள்ளு நோயைக் காவுகின்றதெனப் போல்-லூயி சிமோன் 1898இற் கராச்சியிலே சோதனைமூலங் காட்டினார். முதலில் ஐயுறப்பட்ட அம்முடிபை 1905ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழு உறுதிப்படுத்திற்று. அவ்வழி நோக்கின், நோய் பரவும் பாதை தானியத்தின் பாதையாகும். ஆயினும் மேம்பாட்டு அறக்கட்டளை வெளிச்சத்தையும் காற்றையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அதன் தலைவராயிருந்த ஓர் என்பவர் 63½ பாகைக் கோணத்தில் வானம் புலப்படவேண்டுமென்னும் விதியை விடாது வலியுறுத்தினார். 1894ஆம் ஆண்டின் இலண்டன் கட்டடச் சட்டத்திலிருந்து வந்த அளவு அது. இலங்கையின் கட்டட விதிகளிலும் அதே 63½ பாகை பின்னர் இடம்பெற்றது. இலண்டனின் தாழ்ந்த குளிர்காலச் சூரியனும் கொழும்பின் உச்சிவெயிலும் ஒரே கோணத்தால் அளக்கப்பட்டமை குடியேற்றவாத நிருவாகத்தின் இயல்புக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

1914இற் பிளேக் கொழும்பை அடைந்தது. பெருந்தோட்டப் பொருளாதாரம் இந்நாட்டை இறக்குமதி அரிசியிற் தங்கியிருக்கச் செய்திருந்தது. இரங்கூனிலிருந்தும் இந்தியத் துறைமுகங்களிலிருந்தும் வந்த மூடைகள் புறக்கோட்டை, செட்டியார் தெரு ஆகியவற்றின் களஞ்சியங்களிற் குவிந்தன. தோட்டத்துக்கு உழைப்பை அளித்த தமிழ்த் தொழிலாளி மண்டபம் முகாமிலே தடுத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்டே இந்நாட்டுக்குள் விடப்பட்டான். அவனுக்கு உணவான அரிசியோ நகரின் நடுவே, மக்கள் வாழும் வீடுகளை ஒட்டிக் கிடந்தது. மாநகர சபையின் நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றிய ஃபேபியன் ஹேர்ஸ்ட் கொழும்பின் எலித் தெள்ளுகளை இனம்பிரித்து ஆராய்ந்தார். நகரிற் பெருவாரியாகக் காணப்பட்ட தெள்ளினம் பிளேக்கைப் பரப்புவதில் வலிமை குன்றியது. வலிமை வாய்ந்த மற்றைய இனம் தானியக் களஞ்சியங்களின் சூழலிலேயே செறிந்திருந்தது என்பது அவர் கண்ட முடிபு. 1953இல் வெளிவந்த பிளேக் பற்றிய அவரது பெருநூலுக்கு இவ்வாராய்ச்சி அடித்தளமாயிற்று. எமது நகரிலே செய்யப்பட்ட இத்தகைய ஆய்வு எமது வரலாற்று நூல்களில் இடம்பெறாமை வருந்தத்தக்கது. திருத்தம் வேண்டி நின்றது முதலிற் களஞ்சியம், அடுத்தே குடிசை என்பது இதனாற் பெறப்படும். தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸின் பெயர்தாங்கிய களஞ்சியங்கள் புறக்கோட்டையில் எழுந்தமையை இவ்வகையிலேயே நாம் நோக்குதல் வேண்டும்.

1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் மறுபடியும் கட்டடத்தையே மையமாகக் கொண்டது. தெருவெல்லை, கட்டட அனுமதி, வாசத்துக்குத் தகாத வீட்டை மூடுவித்தல் ஆகியன அதனுள் அடங்கின. தீய வீட்டைத் தடுக்கும் வலு அதற்கிருந்தது. துறைமுகத் தொழிலாளியின் கூலிக்கு எட்டும் நல்ல வீட்டை ஆக்கும் வலு இருக்கவில்லை. முடுக்குகள் பெருகின.

இப்போக்குக்கு மாறாக எழுந்த குரல் பற்றிக் கெடிஸ் என்பாருடையது. 1914இல் இந்தியா வந்த அவர், சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்து, நேர்த்தெருவுக்காகக் குடியிருப்புகளை இடிப்பதைக் கண்டித்தார். வேண்டிய சில வீடுகளை மட்டும் அகற்றி, சிறுவெளிகளை விரித்து, ஏனையவற்றைச் செப்பனிடும் முறையை முன்வைத்தார். இந்தோர் நகரிற் பிளேக் பரவியிருந்தபோது தீபாவளி ஊர்வலமொன்றை அவர் ஒழுங்குசெய்த வரலாறு சுவையானது. பேரெலி உருவமும் பிளேக் அரக்கனும் ஊர்வலத்திற் சென்றன; எத்தெரு நன்கு துப்புரவு செய்யப்படுமோ அத்தெருவழியே ஊர்வலம் வருமென முன்கூட்டி அறிவிக்கப்பட்டது. மக்கள் தாமே தம் தெருக்களைத் திருத்தினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் புனேயிலே துப்பாக்கியோடு வீடுபுகுந்த முறையோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். எனினும் கெடிஸை நாம் மிகைப்படுத்தல் ஆகாது. மன்னரின் ஆதரவு கிடைத்த இடத்திலே அவர் கருத்து அரங்கேறிற்று. நிலவுடைமையை அவர் தொட்டாரல்லர். 1921இற் கொழும்புக்கென அவர் எழுதிய முன்னோடி அறிக்கை இந்நகரைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகராகக் கற்பனை செய்தது. பூங்கா கறுவாத்தோட்டத்திலே செழித்தது. கொச்சிக்கடைக்கும் வாழைத்தோட்டத்துக்கும் அது எட்டவில்லை.

கட்டடத்தை விடுத்து உடைமையுறவை நோக்கிய முதல் முயற்சி என நாம் கருதத்தக்கது 1973ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமே. ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு அது எல்லை வகுத்தமையால், முடுக்குகளில் வாடகைக்கிருந்த பல குடும்பங்கள் தாம் வாழ்ந்த வீட்டுக்கு உரியராகும் வாய்ப்பைப் பெற்றன. சட்டத்தில் ஓட்டைகள் பல. அமுலாக்கத்தில் தயக்கமும் இருந்தது. எனினும், வீடு தன்னதாகுமென அறிந்தவன் சுவருக்குச் சீமெந்து பூசத் துணிந்தான். இச்சிறு உண்மையின்மீதே 1984இல் தொடங்கிய பத்திலட்சம் வீட்டுத் திட்டத்தின் நகரப் பிரிவும், இருந்த இடத்திலேயே குடியிருப்பைச் சீர்செய்யும் அதன் முறையும் நின்றன எனலாம்.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டமை, காற்றுத் திரும்பியதைக் காட்டிற்று. அவ்வதிகார சபை மேற்கொண்ட கணக்கெடுப்பு, கொழும்பில் 1,499 குடியிருப்புத் தொகுதிகளில் 68,812 குடும்பங்கள் 'வசதி குறைந்த' நிலையில் வாழ்வதாகக் கூறிற்று. அவர்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றி, விடுபடும் நிலத்தை முதலீட்டுக்கு அளித்தல் திட்டமாயிற்று. இம்முறை கொள்ளைநோய் காரணங் காட்டப்படவில்லை. அழகும் அபிவிருத்தியும் காட்டப்பட்டன.

நோய் பின்னாலே வந்தது. 2020இன் இறுதி மாதங்களிற் கொழும்பின் வடபகுதித் தொடர்மாடிகள் சில முற்றாகத் தனிமைப்படுத்தப்பட்டன. சட்டம் வேண்டிய வெளிச்சமும் குழாய்நீரும் தனிக் கழிப்பறையும் அங்கிருந்தன. படிக்கட்டும், மின்தூக்கியும், காற்றோட்டமற்ற நீண்ட நடைவழியும் பொதுவாயிருந்தன. சுமார் 400 சதுர அடி வீட்டில் மூன்று தலைமுறையினர் வாழும்போது நோயுற்றவர் ஒதுங்கியிருக்க அறையேது? அவ்வாண்டு ஜூலையில் மும்பாயின் மூன்று வட்டாரங்களில் நிகழ்ந்த இரத்தப் பரிசோதனை, குடிசைப் பகுதியினரில் 57 சதவீதத்தினருக்கும் ஏனையோரில் 16 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தமையைக் காட்டிற்று. அங்கே பொதுக் கழிப்பறையும், இங்கே மின்தூக்கியும்.

1897இன் பம்பாய்த் தொழிலாளிக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. நாட்கூலியை உயர்த்திக் கேட்க ஒரு தெருமுனையும் இருந்தது. 2020இற் கொழும்பின் தொடர்மாடியில் அடைபட்ட சுமை தூக்குவோனுக்கும் மீன்சந்தைத் தொழிலாளிக்கும் அவ்விரண்டுமில்லை. பதினான்கு நாட்களுக்கு 10,000 ரூபா பெறுமதியான உலருணவுப் பொதியே கிடைத்தது. வேலைத்தலத்தை அண்டிய பழைய முடுக்கில் அவனுக்குக் கடன் கொடுத்த கடைக்காரர் தொடர்மாடியின் பன்னிரண்டாம் மாடிக்கு இடம்பெயர்ந்து வரவில்லை. அக்கடையின் கடன் கொப்பி எந்த நகரத் திட்ட வரைபடத்திலும் குறிக்கப்பட்டதில்லை.